பிள்ளை கேட்ட கொரியன் நூடுல்ஸ்

கொரியன் நூடுல்ஸ் வாங்கித் தரச் சொல்லி வீட்டில் நச்சரிப்புக்கு ஆளாகியிருக்கும் அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும்,



உங்கள் பிள்ளை பத்து வயதைத் தாண்டியிருந்தால் இந்தப் பேச்சு ஏற்கெனவே உங்கள் வீட்டுக்குள் நுழைந்திருக்கும். கொரியத் தொடர் ஒன்றில் யாரோ நடுராத்திரியில் பாத்திரத்தின் மூடியையே தட்டாக்கி நூடுல்ஸை உறிஞ்சுவார். வகுப்பில் யாரோ சாப்பிட்டுவிட்டு, காது அடைத்துப்போன கதையைப் பெருமையாகச் சொல்லியிருப்பார்கள். சூப்பர் மார்க்கெட்டில் நெருப்பைக் கக்கும் கோழிப் படம் போட்ட கறுப்புப் பாக்கெட்டைப் பார்த்ததும் பிள்ளையின் கால் அங்கேயே நின்றுவிடும். விலையைப் பார்த்ததும் நம் காலும் நின்றுவிடும்.

அந்த இடத்தில் நம்மில் பாதிப்பேர், ‘அதெல்லாம் கண்ட கெமிக்கல், வேண்டாம் வா’ என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறோம். மீதிப்பேர், ‘வாங்கித் தொலை’ என்று பில் போட்டுவிட்டு அதோடு மறந்துவிடுகிறோம். முதல் வீட்டுப் பிள்ளை நண்பன் வீட்டில் போய்ச் சாப்பிடுகிறது. இரண்டாவது வீட்டுப் பிள்ளை நாம் ஆபீஸில் இருக்கும்போது தனியாகச் சமைத்து, முழு சாஸையும் பிழிந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இந்த இரண்டுமே வேண்டாம் என்று சொல்லத்தான் இந்த மடல். ஒரே ஒரு பாக்கெட் வாங்குங்கள். பிள்ளையோடு சேர்ந்து நீங்களும் அடுப்படியில் நில்லுங்கள். முதல் தடவை அந்த நாட்டு முறைப்படியே சமைத்து, குடும்பத்தோடு பங்கிட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள். வீட்டுக்குள் அது இனி வரலாமா, எப்போதெல்லாம் வரலாம் என்ற தீர்ப்பை அதற்குப் பிறகு சொல்லுங்கள்.

முதலில் கடையிலேயே முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது: பாக்கெட்டைத் திருப்பிப் படிப்பது. பச்சைப் புள்ளி என்றால் சைவம். சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் என்றால் அசைவம். பழைய பழுப்பு வட்டத்துக்குப் பதிலாக வந்த குறி அது. சைவ வீடுகளில் இதைக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் கொரிய நூடுல்ஸில் சூப்பின் ருசியே பெரும்பாலும் மாட்டிறைச்சி, கோழி, நெத்திலி இவற்றிலிருந்து வருகிறது. முன்பக்கத்தில் காளான் படம் இருக்கிறது என்பதற்காக உள்ளே மீன் பொடி இல்லை என்று முடிவு கட்ட முடியாது. ஒரே பிராண்டில் சைவமும் உண்டு, அசைவமும் உண்டு. ஹலால் பார்ப்பவர்களும் முத்திரை இருக்கிறதா என்று ஒவ்வொரு வகையிலும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும். கொரிய எழுத்து மட்டுமே இருந்து, இந்தியாவில் இறக்குமதி செய்தவர் பெயரும் உரிம எண்ணும் கொண்ட ஸ்டிக்கர் இல்லாத பாக்கெட்டைத் திரும்ப அடுக்கிலேயே வைத்துவிடுங்கள். காலாவதித் தேதியையும் பாருங்கள். எண்ணெயில் பொரித்த பண்டம் நாள்பட்டால் காறல் வாடை அடிக்கும். கப்பலேறி வரும் பாக்கெட் பல நேரம் பாதி ஆயுளைக் கழித்துவிட்டுத்தான் நம் கைக்கு வருகிறது. கோதுமை, சோயா, எள், மீன், இறால் வகைகளில் பிள்ளைக்கு ஏதாவது ஒவ்வாமை இருந்தால் அந்தப் பட்டியலை இரண்டு முறை படியுங்கள்.

அடுத்தது வாட்ஸ்அப்பில் வரும் மெழுகுக் கதை. நூடுல்ஸ் ஒட்டாமல் இருக்க மெழுகு பூசுகிறார்கள், அது வயிற்றை விட்டுப் போக நாலு நாள் ஆகும் என்று நம் மாமாக்கள் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். மெழுகு பூசுவதில்லை. மைதா மாவைப் பிசைந்து, இழையாக வெட்டி, நீராவியில் வேகவைத்து, 150 டிகிரியை ஒட்டிய எண்ணெயில் ஒன்றிரண்டு நிமிடம் பொரிக்கிறார்கள். அந்தச் சூட்டில் மாவிலிருக்கும் தண்ணீர் ஆவியாகி ஓடிவிடுகிறது. அது இருந்த இடமெல்லாம் நுண்ணிய துளைகளாகிவிடுகின்றன. பிறகு நாம் கொதிநீர் ஊற்றும்போது அந்தத் துளைகள் வழியாகத் தண்ணீர் ஏறி, நாலைந்து நிமிடத்தில் இழை மறுபடி மிருதுவாகிவிடுகிறது. பாத்திரத்தில் மேலே மிதக்கும் பளபளப்பு அந்தப் பொரித்த எண்ணெய், பெரும்பாலும் பாமாயில். பயப்பட வேண்டுமென்றால் கற்பனை மெழுகைவிட்டு, நூடுல்ஸ் கட்டியின் எடையில் ஆறில் ஒரு பங்கு அளவுக்கு இருக்கும் இந்த எண்ணெயைப் பார்த்துப் பயப்படலாம்.

இப்படிப் பொரித்து உலர்த்தும் வழியைக் கண்டுபிடித்தவர் மொமொஃபுக்கு ஆண்டோ. தைவானில் பிறந்து ஜப்பானில் தொழில் செய்தவர். ஒசாகா பக்கம் இக்கேடா ஊரில், தன் வீட்டுப் பின்கட்டில் ஒரு கொட்டகை போட்டுக்கொண்டு மாவோடு மல்லுக்கட்டினார். மனைவி காய்கறியை மாவில் தோய்த்துப் பொரித்ததைப் பார்த்துத்தான் எண்ணெயில் பொரித்து உலர்த்தும் யோசனை வந்தது என்பது அவரே சொன்ன கதை. 1958 ஆகஸ்ட் 25 அன்று அவருடைய ‘சிக்கன் ராமென்’ கடைக்கு வந்தபோது விலை 35 யென். அப்போது பச்சை நூடுல்ஸ் 6 யென்னுக்கே கிடைத்தது. இன்று ஏழைகளின் உணவு, மாணவர் உணவு என்று சொல்லப்படுவது, பிறந்தபோது பணக்காரப் பண்டமாகத்தான் பிறந்தது.

கொரியாவுக்கு அது போன விதம்தான் நமக்கு முக்கியம். போரில் நொறுங்கி, அரிசிக்குத் தட்டுப்பாடு வந்திருந்த நாடு அது. சியோலின் நம்தேமுன் சந்தையில், அமெரிக்கப் படை முகாமில் மிஞ்சியதைக் கொட்டிக் காய்ச்சிய கஞ்சிக்கு ஜனங்கள் வரிசையில் நின்றதைப் பார்த்து ஜியோன் ஜுங்-யுன் என்பவர் ஜப்பானிலிருந்து இயந்திரம் கொண்டுவந்தார் என்று அவர் தொடங்கிய சாம்யாங் நிறுவனம் தன் வரலாற்றைச் சொல்கிறது. 1963 செப்டம்பரில் முதல் கொரிய நூடுல்ஸ் பாக்கெட் 10 வொன் விலையில் வந்தது. வந்தவுடன் யாரும் பாய்ந்து வாங்கவில்லை. சோறு சாப்பிட்டே பழகிய ஜனங்களுக்கு அந்தச் சுருள் கட்டி என்னவென்றே பிடிபடவில்லை. தெருவில் சமைத்து இலவசமாகக் கொடுத்து ருசி காட்ட வேண்டியிருந்தது. முதலில் வந்தது காரமில்லாத கோழி ரசம். அவர்கள் நாக்குக்கு அது ஏறவில்லை. பிறகுதான் மிளகாய் சேர்ந்தது, விற்பனை பிடித்தது. இன்று நம் பிள்ளைகள் கேட்கும் சிவப்புச் சூப்பான ஷின் ராம்யன் 1986-இலும், கறுப்புப் பாக்கெட் புல்டாக் 2012-இலும் வந்தவை.

நம் வீடுகளிலும் இதே கதைதான் நடந்தது. 1980-களில் மேகி வந்தபோது, ‘புழு மாதிரி இருக்கு’ என்று முகம் சுளித்த பாட்டிகள் நிறையப் பேர். பிறகு வெங்காயம், தக்காளி, பட்டாணி, கேரட் போட்டுத் தாளித்து அதை நம் டிபனாக்கிக்கொண்டோம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடைகளில் அதே மேகி, முட்டையும் சாஸும் சேர்ந்து இரும்புச் சட்டியில் புரண்டு ‘மேகி கோரெங்’ ஆகி, அந்த நாட்டுச் சாப்பாடாகவே நிலைத்துவிட்டது. ஆக, பழக்கமில்லாத நூடுல்ஸை வீட்டுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்வதில் நாம் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. அதனால்தான் முதல் தடவை மட்டும் கையைக் கட்டிக்கொள்ளுங்கள் என்கிறேன். அசல் ருசி இன்னதென்று தெரியாமல் மாற்றினால், பிள்ளை கேட்டது கிடைக்காது. பிடிக்கவில்லை என்றாலும் குறை பாக்கெட்டிலா நம் தாளிப்பிலா என்று தெரியாது.

இனி சமையல். நம் கை பழகியிருப்பது சுமார் 70 கிராம் பாக்கெட், ஒன்றரை டம்ளர் தண்ணீர், சுண்டச் சுண்டக் கிளறுவது. சூப் வகைக் கொரியப் பாக்கெட் ஒன்று 120 கிராம் வரும். இழை தடிமன், தண்ணீரும் அதிகம். ஷின் ராம்யனுக்கு 550 மில்லி தண்ணீர், நாலரை நிமிடக் கொதி என்று பாக்கெட்டே சொல்கிறது. தண்ணீரைச் சுண்டவிடக் கூடாது, அது சூப்பாகவே நிற்க வேண்டும். அளவு டம்ளர் எடுத்து அளந்து ஊற்றுங்கள். தீயைக் குறைக்காமல் தளதளவென்று கொதிக்கும்போதே கட்டியையும் பொடியையும் காய்ந்த காய்கறித் துணுக்குகளையும் போடுங்கள். இழை பிரிந்ததும் இடுக்கியாலோ முள்கரண்டியாலோ நூடுல்ஸைத் தூக்கித் தூக்கிக் காற்றுப் படவிடுங்கள். கொரியர்கள் இப்படிச் செய்வது இழை குழையாமல் விறைப்பாக நிற்பதற்காக. முட்டை சாப்பிடும் வீடென்றால் கடைசி நிமிடத்தில் ஒன்றை உடைத்து ஊற்றலாம், அது அங்கேயும் வழக்கம்தான். அடுப்பை அணைத்ததும் உட்கார்ந்துவிட வேண்டும். பத்து நிமிடம் கழித்து வந்து சாப்பிட்டால் உப்பிப்போன மாவுதான் மிஞ்சும்.

புல்டாக் மாதிரியான வறட்டு வகை வேறு ஜாதி. 140 கிராம் பாக்கெட்டின் கட்டியை 600 மில்லி தண்ணீரில் ஐந்து நிமிடம் வேகவைத்து, எட்டு ஸ்பூன் தண்ணீரை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை வடித்துவிட வேண்டும். அப்புறம் சாஸைப் பிழிந்து அரை நிமிடம் பிரட்டி இறக்கி, எள்ளும் கடற்பாசியும் கலந்த தூளைத் தூவ வேண்டும். வடிக்கும் வேலையை நீங்கள் செய்யுங்கள், பிள்ளை கையில் கொதிநீரைக் கொடுக்காதீர்கள். சாஸ் சூட்டில் படும்போது மிளகாய் வறுக்கும் நெடியைப் போலவே தொண்டையைக் கமறும். ஜன்னலைத் திறந்துவையுங்கள். முறைப்படி சமைக்கச் சொன்ன நானே இங்கே ஒரு விலக்கும் சொல்கிறேன்: சாஸில் பாதியை மட்டும் ஊற்றுங்கள். மீதி அதே உறையில் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ருசி பார்த்துவிட்டுச் சேர்க்கலாம், சேர்த்ததைத் திரும்ப எடுக்க முடியாது.

‘நாம ஆந்திரா ஊறுகாயே சாப்பிடுறவங்க, இதென்ன பெரிய காரம்’ என்று அப்பாக்கள் சவால் விடுவார்கள். மிளகாய் கொரியர்களுக்கும் நமக்கும் கடல் தாண்டி வந்த பொருள்தான். இரண்டு நாட்டிலும் 16-ஆம் நூற்றாண்டுக்கு முன் அது கிடையாது. ஆனால் நம் சாப்பாட்டில் காரம் ஒரு மலை சோற்றோடும், நெய்யோடும், கடைசியில் மோரோடும் வருகிறது. இங்கே சாஸ் ஒவ்வொரு இழையிலும் ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு வாயிலும் வருகிறது. சேர்த்து இறக்கிவிட வேறொன்றும் இல்லை. 2024 ஜூனில் டென்மார்க் அரசு புல்டாக்கின் மூன்று வகைகளைக் கடைகளிலிருந்து திரும்பப் பெறச் சொன்னது. மிளகாய்க்குக் காரம் தரும் கேப்சைசினின் அளவு குழந்தைகளுக்கு ஆபத்து என்பதே காரணம். மறுபரிசோதனைக்குப் பிறகு அடுத்த மாதமே இரண்டு வகைகளை மீண்டும் அனுமதித்தார்கள். மும்மடங்குக் கார வகைக்கு மட்டும் கதவு திறக்கவில்லை. இதைத் தடை செய்த நாட்டுக் கதையாக மட்டும் பரப்பாமல், அதிலிருக்கும் அளவுக் கணக்கை எடுத்துக்கொள்வோம். சாதாரண வகையைப் பெரிய பிள்ளைகள் பங்கிட்டு ருசி பார்க்கலாம். இரு மடங்கு, மும்மடங்கு என்று எழுதிய பாக்கெட் பிள்ளைகளுக்கு வேண்டாம். சின்னக் குழந்தைகளுக்கு எந்த வகையுமே வேண்டாம். யார் தண்ணீர் குடிக்காமல் முழுப் பாக்கெட்டையும் முடிக்கிறார்கள் என்று படம் பிடித்துப் போடும் போட்டிக்கு மட்டும் ஒரேயடியாக ‘முடியாது’ என்று சொல்லிவிடுங்கள்.

காரம் தலைக்கேறினால் பிள்ளை தண்ணீர்ச் சொம்பைத்தான் தேடும். தண்ணீரில் கேப்சைசின் கரையாது, அது வாயெல்லாம் பரவத்தான் செய்யும். பாலில் இருக்கும் கேசின் புரதமும் கொழுப்பும்தான் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். ஒரு டம்ளர் பாலோ, கெட்டித் தயிரோ முன்கூட்டியே மேசையில் இருக்கட்டும்.

காரத்தைவிட நான் அதிகம் கவலைப்படுவது உப்பைப் பற்றி. காரம் உடனே கத்திச் சொல்லிவிடும், உப்பு வாயைத் திறக்காது. பெரியவர்களே ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள், அதாவது 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சூப் வகைப் பாக்கெட் ஒன்றிலேயே 1,700 மில்லிகிராமைத் தாண்டிய சோடியம் இருப்பது சாதாரணம். பாக்கெட்டில் பார்க்கும்போது அந்த எண் 100 கிராமுக்கா, முழுப் பாக்கெட்டுக்கா என்று கவனியுங்கள். சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைத்துவிடும். இந்தக் கணக்கைப் பிள்ளையையே போடச் சொல்லுங்கள். நாம் திட்டுவதைவிட, தானே கண்டுபிடித்த எண் அதன் மனதில் நிற்கும். உப்பில் பெரும்பங்கு பொடியில்தான் இருக்கிறது. பொடியில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துப் போட்டாலும், நூடுல்ஸைத் தின்றுவிட்டுச் சூப்பைக் கிண்ணத்திலேயே விட்டாலும் கணிசமாகத் தப்பிக்கலாம். ரத்தக் கொதிப்புள்ள தாத்தா பாட்டிக்கு ஒரு வாய் ருசி போதும்.

2015-இல் ஈயம், அஜினோமோட்டோ என்று பெரிய சர்ச்சை வெடித்து, தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்கள் நூடுல்ஸ் பாக்கெட்டுகளைத் தடை செய்ததை நாம் யாரும் மறக்கவில்லை. சில மாதங்களில் நீதிமன்றம் தலையிட்டு, மறுபரிசோதனை நடந்து, அவை திரும்பக் கடைக்கு வந்தன. அந்தப் பயத்தின் மிச்சம்தான் இன்றும் ‘கெமிக்கல்’ என்று நம் வாயில் வருகிறது. எச்சரிக்கை நல்லதுதான். ஆனால் சந்தேகத்தை அதற்குரிய இடத்தில் வைப்போம். மைதா, பாமாயில், உப்பு இந்த மூன்றும் வெளிப்படையாகப் பாக்கெட்டிலேயே எழுதியிருக்கின்றன. காய்கறியோ நார்ச்சத்தோ பேருக்குத்தான் இருக்கிறது. இது தினப்படி உணவாகக் கூடாது என்பதற்கு அவையே போதும். தென்கொரியாவில் சராசரியாக ஒருவர் ஆண்டுக்கு 80 பாக்கெட்டை ஒட்டிச் சாப்பிடுகிறார். இந்தியாவில் கணக்கு ஆளுக்கு ஆறு. ருசியை அவர்களிடம் வாங்கிக்கொள்வோம், இந்தக் கணக்கில் நம் எண்ணையே வைத்துக்கொள்வோம்.

சாப்பிட உட்காரும்போது ஒரு வேண்டுகோள். ‘இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்’ என்ற வார்த்தையை அன்றைக்கு மட்டும் விழுங்கிவிடுங்கள். அந்தச் சாஸில் காரத்தோடு லேசான இனிப்பும் இருக்கும். நமக்கு அது முதல் வாயில் ஒவ்வாது. கடற்பாசித் தூள் கருவாட்டுக் கடையை நினைவூட்டலாம். பிள்ளைக்குமே அது பிடிக்காமல் போகலாம். அப்படிப் போனால், ‘காசு கொடுத்து வாங்கினது, முடிச்சுட்டு எழுந்திரு’ என்று உட்கார வைக்காதீர்கள். பிடிக்கவில்லை என்று தானாகக் கண்டுபிடித்த பிள்ளை விளம்பரத்துக்கு மயங்குவது கொஞ்சம் குறையும். பிடித்துவிட்டால் அந்த நாட்டைப் பற்றி அது தெரிந்துவைத்திருப்பதைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். நம்மைவிட அதற்கு அதிகம் தெரிந்த விஷயம் இது.

இரண்டாவது தடவை வந்தால், அன்றைக்கு உங்கள் கைக்கட்டு அவிழ்ந்தது. முட்டைக்கோஸ், காளான், வெங்காயத்தாள், ஒரு பிடி முருங்கைக்கீரை, வேகவைத்த முட்டை, பன்னீர் எதுவும் போகும். கொரிய வீடுகளிலும் கிம்ச்சி, வெங்காயத்தாள், முட்டை, சீஸ் என்று ஆளுக்கொன்று சேர்க்கிறார்கள். மிஞ்சிய சூப்பில் சோற்றைப் போட்டுப் பிசைந்து சாப்பிடுவதும் அங்கே வழக்கம். பொடியைக் குறைத்துப் போட்டிருந்தால் நீங்களும் ஒரு கரண்டி சோறு போட்டுப் பாருங்கள். ஒரு பாக்கெட்டை இரண்டு பிள்ளைகளுக்குப் பிரித்து, காய்கறியால் தட்டை நிரப்புங்கள். மாதத்துக்கு ஒன்றா இரண்டா என்பதைப் பிள்ளையோடு பேசி முடிவு செய்யுங்கள். பள்ளி டிபன் பாக்ஸில் மட்டும் வேண்டாம்; மதியத்துக்குள் அது கட்டியாகிவிடும், தண்ணீர்ப் பாட்டிலும் காலியாகிவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும், ‘எங்கள் வீட்டுக்கு இது சரிப்படாது’ என்று நீங்கள் முடிவு செய்தால் அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. படித்து, சமைத்து, ருசி பார்த்துச் சொன்ன ‘வேண்டாம்’ என்றால் பிள்ளையும் காரணம் கேட்டு உங்களோடு வாதாடும், கடைசியில் ஏற்கவும் செய்யும். நாளைக்கு அது வேறொரு நாட்டுப் பாக்கெட்டோடு வரும். இந்தோனேசியாவின் மீ கோரெங்காக இருக்கலாம், தாய்லாந்தின் புளிப்புச் சூப்பாக இருக்கலாம். அப்போது முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் அதற்கு வந்திருந்தால், இந்த ஒரு பாக்கெட்டுக்குக் கொடுத்த காசு வீணாகவில்லை.

அன்புடன்,
பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை வைத்திருக்கும் உங்களில் ஒருத்தி